அவுரித் தொட்டி

வயலில் நிற்கும் அவுரிச் செடியின் இலையில் நீல நிறம் இம்மியும் இல்லை. ஆயினும் அவ்விலையினின்று நீலத்தை வருவித்துத் துணிக்கு ஏற்றும் வித்தையைச் சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் பயின்று, புதுச்சேரியில் தோய்த்த நீலத்துணி ஆப்பிரிக்காவின் செனகால் நதிக்கரையில் பிசினுக்கு மாற்றுப் பண்டமாகும் அளவுக்கு அதை வளர்த்திருந்தார்கள்.

இந்த வித்தையின் காரணத்தை ரசாயன சாஸ்திரம் பிற்பாடுதான் கண்டது. இலையின் உயிரணு, இந்தோக்சில் என்னும் நிலையற்ற பொருளை உண்டாக்கி, அதைத் தனியே திரியவிடாது குளுக்கோஸோடு பிணைத்து, நீரில் கரையும் நிறமற்ற இந்திகானாக்கித் தன் நடுவிலுள்ள நீர்ப்பையில் சேமிக்கிறது. அப்பிணைப்பை அறுக்கவல்ல நொதியோ பைக்கு வெளியே இருப்பதால், இலை உயிரோடிருக்கும் வரை இரண்டும் சந்திப்பதில்லை. அவற்றைச் சந்திக்க வைப்பதே தொட்டியின் வேலை.

அறுத்த செடிகளைக் கட்டுக்கட்டாக மேல்தொட்டியில் அடுக்கி, மிதந்தெழாதபடி மரங்களால் அழுத்தி, நீர் நிரப்பி ஊறவிட்டால், இலை அழிந்து, சர்க்கரை கழன்று, மஞ்சள் பாய்ந்த பச்சை நீர் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அந்நீரில் இறங்கிய ஆட்கள் மணிக்கணக்கில் அதை அடித்துக் கலக்க, காற்றின் பிராணவாயுவால் இந்தோக்சில் இரண்டிரண்டாகக் கூடி, நீரில் கரையாத நீலமாகிப் படியும். எப்போது நிறுத்துவது என்பதில்தான் தொழிலின் சூட்சுமம் முழுதும் அடங்கியிருந்தது. நுரையின் நிறத்தையும், வெள்ளைத் தட்டில் எடுத்த நீரில் துகள் பிரியும் விதத்தையும் பார்த்து அந்நேரத்தைச் சொன்ன கண்ணின் மீது நான் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறேன். படிந்த சேற்றைக் காய்ச்சி, துணியில் வடித்து, அழுத்திக் கட்டிகளாக அறுத்து உலர்த்துவார்கள்.

இவ்வளவு உழைப்பின் பலன் உழைத்தவனைச் சேரவில்லை. வங்காளத்தில் முன்பணம் என்ற தளையால் குடியானவனை அவுரி விதைக்கக் கட்டாயப்படுத்திய தோட்டத் துரைகளை எதிர்த்து, 1859இல் உழவர்கள் விதைக்க மறுத்தார்கள். பீகாரின் சம்பாரணிலோ அக்கொடுமை 1917இல் காந்தியடிகள் வரும் வரை நீடித்தது.

இதற்கிடையே, 1880இல் அடால்ஃப் வான் பேயர் செயற்கையாக ஆக்கிக் காட்டிய நீலம், 1897இல் ஜெர்மனியின் பாடிஷே தொழிற்சாலையிலிருந்து சந்தைக்கு வந்தது. நிலக்கரித் தாரின் நாப்தலீனிலிருந்து பிறந்த அந்நீலமும் இலையிலிருந்து பிறந்ததும் ஒரே மூலக்கூறாகையால், விலை ஒன்றே போட்டியைத் தீர்மானித்தது. சில ஆண்டுகளுக்குள் தொட்டிகளில் பெரும்பாலானவை வறண்டன. ஆயினும் திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி விதைத்து, அறுத்து, ஊறவைத்து நீலம் எடுக்கிறார்கள்.