தோலின் காவல்

நம் உடம்புக்கு ஒரு காவல்காரன் உண்டு. இரவு பகல் பாராமல் வாசலில் நிற்கிறான். தோலின் மேலடுக்கைத்தான் சொல்கிறேன். உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக, அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். இறந்துபோன உயிரணுக்கள் செங்கல்லாக அடுக்கியிருக்க, இடையிலே கொழுப்பு சாந்தாக நிற்கிறது. அவ்வளவு மெல்லிய சுவர்தான் வெளியுலகத்தை வெளியிலேயே நிறுத்தி வைக்கிறது!

இன்று சின்னஞ்சிறு குப்பிகளில் 'ஸீரம்' என்று விற்கிறார்களே, அவையெல்லாம் இந்தச் சுவரைத் தாண்டினால்தான் பலன் உண்டு. பெரிய மூலக்கூறுகளுக்கு வழி கிடையாது. ஏறத்தாழ 500 டால்ட்டன் எடைக்கு மேற்பட்டவை சாதாரணமாக உள்ளே நுழைவதில்லை என்று 2000-ஆம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். கொலாஜனைப் பூசிக்கொண்டால் அது மேலேயே தங்கிச் சற்று ஈரம் காக்கும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. வைட்டமின் 'ஏ'யின் வழிவந்த டிரெட்டினாயின் அப்படியல்ல. எடை 300தான், கொழுப்பிலே கரையும். சாந்தின் வழியே இறங்கி, உயிரணுவின் கருவரைக்கும் சென்று அதை வேலை வாங்குகிறது. புதிய தோல் வளர்கிறது. வெயிலால் வந்த சுருக்கமும் ஓரளவு குறைகிறது.

இந்த மருந்தோடு சேர்ந்து நிலைத்த பெயர், பென்சில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஆல்பர்ட் கிளிக்மன். 1951-இல், பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கால் சேற்றுப்புண் பரவியபோது அவரை உதவிக்கு அழைத்தார்கள். உள்ளே போனவர் கண்ணில் பட்டவர்கள் நோயாளிகள் மட்டுமல்லர். சோதனைக்குக் கிடைத்த நூற்றுக்கணக்கான முதுகுகள்.

1974 வரை அங்கே சோதனைகள் நடந்தன. கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். ஜாமீன் கட்டப் பணமில்லாமல் விசாரணைக்குக் காத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. சிறையில் வேறு வேலைக்கு நாளொன்றுக்குச் சில காசுதான். முதுகைக் கொடுத்தால் டாலர்கள்! வாசனைப் பொருள்களும் களிம்புகளும் மட்டுமா பூசினார்கள்? 1960-களின் நடுவில் டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சையும் பூசிப் பார்த்தார்கள். இன்னதென்று அறியாமலே கையெழுத்திட்டவர்கள் பலர். சிலருடைய முதுகு சதுரங்கப் பலகையாயிற்று.

1971-இல் டிரெட்டினாயின் முகப்பருவுக்கு மருந்தாக அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. 1995-இல் சுருக்கத்துக்கும் பெற்றது. மருந்து நல்ல மருந்துதான், அதில் ஐயமில்லை. அக்காலத்தில் கைதிகளைப் பயன்படுத்துவது வழக்கந்தான் என்பது கிளிக்மனின் வாதம். 2000-ஆம் ஆண்டில் ஏறக்குறைய முந்நூறு முன்னாள் கைதிகள் வழக்குத் தொடுத்தார்கள். காலம் கடந்துவிட்டது என்று வழக்குத் தள்ளுபடியாயிற்று. கிளிக்மன் 2010-இல் காலமானார். சர்வகலாசாலை 2021-லும், பிலடெல்பியா நகரம் 2022-லும் மன்னிப்புக் கேட்டன. அதற்குள் கைதிகளில் பலர் போய்விட்டார்கள்.

தோல் ஒரு பொருளை உள்ளே விடுவதற்கு முன் அதன் எடையைப் பார்க்கிறது, தன்மையைப் பார்க்கிறது. ஏழையின் முதுகைக் கேட்டு வந்தவர்களை நிறுத்தி விசாரிக்கத்தான் அந்தச் சிறை வாசலில் யாரும் இல்லை. இனியொரு குப்பியைத் திறக்கும்போது, அதற்கு முதலில் தோல் கொடுத்தவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நமக்குப் பெரிய சிரமமாகாது.