எச்சில் ஊற ஊற நோய் போகிறது என்றார்கள்

"டீடாக்ஸ் எடுத்துட்டு இருக்கேன் டாக்டர். ஆறு மாசம் ஆச்சு. எப்பவும் அசதி. முதல்ல பால் ஒத்துக்கல, அப்புறம் கோதுமை, இப்ப பருப்பு சாப்பிட்டாலும் வயிறு உப்புது. கேட்டா, கழிவு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோங்கன்னு சொல்றாங்க."

இப்படி யாராவது வந்து உட்காரும்போது எனக்கு உல்ரிக் ஃபான் ஹுட்டன் ஞாபகம் வருவார். 500 வருடத்துக்கு முந்தைய ஜெர்மன்காரர். எழுத்தாளர். சிஃபிலிஸ் நோயாளி.

1490களில் ஐரோப்பாவில் பரவிய புது நோய் அது. (பறங்கியரோடு நம்ம ஊருக்கு வந்ததால் தமிழில் அதற்குப் 'பறங்கிப்புண்' என்றே பெயர்!) அன்றைய வைத்தியம், பாதரசம். களிம்பாகக் குழைத்து உடம்பில் தேய்த்து, சூடேற்றிய அறையில் நாள்கணக்கில் அடைத்து வைப்பார்கள்.

என்ன ஆகும்? வாயில் எச்சில் லிட்டர் கணக்கில் ஊறும். ஈறு புண்ணாகும், பல் ஆடும், தொண்டை வெந்து சாப்பாடு இறங்காது, எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது.

வைத்தியர்களுக்கோ சந்தோஷம். கெட்ட நீர் எச்சில் வழியாக வெளியேறுதாம்! எச்சில் குறைந்தால் இன்னும் கொஞ்சம் பாதரசம்.

அதெல்லாம் பாதரச விஷத்தின் அறிகுறிகள் என்று இன்றைக்கு எம்பிபிஎஸ் மாணவரே சொல்லிவிடுவார். வைத்தியமே கொடுத்த விஷத்தை, உடம்பிலிருந்து விஷம் போவதாகப் படித்துக் கொண்டார்கள்.

ஹுட்டன் இந்த வைத்தியத்தை 9 வருடத்தில் 11 முறை செய்துகொண்டவர். பிறகு அமெரிக்கத் தீவுகளிலிருந்து வந்த குவாயகம் என்ற மரத்துக்கு மாறினார். மூடிய அறை, கிட்டத்தட்ட பட்டினி, மரத்தைக் கொதிக்க வைத்த கஷாயம். குணமாகிவிட்டேன் என்று 1519ல் புத்தகமே போட்டார். 1523ல் இறந்துபோனார். வயது 35.

அத்தனை பேரும் ஏமாந்தார்களா என்று கேட்பீங்க. சிஃபிலிஸின் குணம் அப்படி. முதல் புண் சில வாரத்தில் தானாக ஆறும். பிறகு வரும் தடிப்பும் மறையும். அப்புறம் வருடக்கணக்கில் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் எதைச் செய்துகொண்டிருந்தோமோ, அதற்குத்தான் பேர் கிடைக்கும்.

இப்ப நியாயமா ஒண்ணு சொல்லணும். மருந்து வேலை செய்வதால் உடம்பு மோசமாவது நிஜமாகவே உண்டு. பாதரசம் போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல் வந்து தடிப்பு இன்னும் சிவப்பதை 1895ல் யாரிஷ், 1902ல் ஹெர்க்ஸ்ஹைமர் எழுதினார்கள். (ஹெர்க்ஸ்ஹைமர் யூதர். 81 வயதில் நாஜிகள் முகாமுக்கு அனுப்ப, 1942ல் அங்கேயே இறந்தார்.) கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது வரும் எதிர்வினை அது. எலிக்காய்ச்சலுக்கு பெனிசிலின் போட்டாலும் சிலருக்கு வரும்.

டீடாக்ஸ் விற்பவர்கள் இந்தப் பெயரைத்தான் கடன் வாங்கிக்கிட்டாங்க. ஆனால் கூடவே இருக்கும் கடிகாரத்தை விட்டுட்டாங்க! நிஜமான எதிர்வினை சில மணி நேரத்தில் தொடங்கும், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடியும். ஆறு மாசம் ஓடாது. பருப்பு ஒத்துக்காமல் போகாது.

அப்போ ஆறு மாச அசதி எதனால்? ஒவ்வொரு சாப்பாடாக நிறுத்த நிறுத்த புரதமும் இரும்பும் பி12ம் குறையும், அதனாலேயே அசதி கூடும். தைராய்டு இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், சிறுநீரகமோ கல்லீரலோ அடிவாங்கியிருக்கலாம், மனச்சோர்வும் இருக்கலாம். சில பொடிகளில் ஈயமும், ஆமாம், பாதரசமும் இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அசதி பொய்ன்னு நான் சொல்லல. ஹுட்டனின் அசதியும் பொய் இல்லை. காரணத்தைத் தேட விடாமல் 'பொறுத்துக்கோங்க' என்று உட்கார வைப்பதுதான் எனக்குப் பயம்.

எடை குறைந்தாலோ, சாப்பிடும் பொருட்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தாலோ, இன்னொரு மாசம் பார்க்கலாம்னு இருக்காதீங்க. டாக்டரிடம் போங்க. குடிக்கிற பாட்டில், பொடி, லேகியம் எல்லாத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டுப் போங்க. லேபிள் இல்லாததையும்தான்.