கணினிவழித் தொலைக்காட்சிப் பதிவு

டிவி ட்யூனர் கார்டு பொருத்திய வீட்டுக் கணினியில் நிகழ்ச்சிகளைப் பதிந்து, வேண்டும்போது பார்க்கும் முறை. அமெரிக்காவில் 1999-இல் வந்த டிவோ பெட்டியின் வேலையைத்தான் இதுவும் செய்தது. இந்தியாவில் 2008 வாக்கில் டாடா ஸ்கை பிளஸ் போன்ற பெட்டிகள் வரும்வரை, கையைக் கடிக்காத வழி இதுவே. கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தால்தான் இது மலிவு என்பதை விற்றவர்கள் அழுத்திச் சொன்னதில்லை.

சாயல்குடி முதலிய இராமநாதபுரம் கடலோர ஊர்களில் இதற்கு ஒரு கூடுதல் பயன் இருந்தது. கடல்மேல் அலைகள் வளைந்து வெகுதூரம் செல்வதால், 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினி இக்கரையில் உயரமான ஆன்டெனாக்களுக்கு எட்டியது. இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரக் கோபுரத்தைத் தூர்தர்ஷன் எழுப்பியது பிற்பாடு. இரு நாடுகளும் ‘பால்’ என்னும் ஒரே வண்ண முறையைப் பின்பற்றியதால் இரண்டையும் ஒரே கார்டு பிடித்தது.

கார்டின் தகரப் பெட்டிக்குள் இருக்கும் ட்யூனர் அலைவரிசையைப் பிரிக்கும்; பிடி878 போன்ற சிப் அதை எண்ணாக்கும்; பெரும்பாலான கார்டுகளில், சுருக்கும் பாரம் கணினியின் தலையில்தான். சுருக்காமல் விட்டால் 720×576 புள்ளிப் படம் மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி ஆகும். அக்கால 40 ஜிபி வன்தட்டு அரை மணி நேரத்திலேயே நிரம்பிவிடும். விசிடி தரத்தில் மணிக்கு 600 எம்பி சொச்சம், நொடிக்கு 4 மெகாபிட் எம்பெக்-2 என்றால் 1.8 ஜிபி. விண்டோஸின் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விளம்பரங்களோடு மூன்றரை மணி நேரம் ஓடும் ஞாயிறு படம், கோப்பைத் துண்டாக்கத் தெரியாத மென்பொருளில் இரண்டே கால் மணியைத் தாண்டியதும் நின்றுபோகும். கிளைமாக்ஸ் கிடைக்காது. வட்டை என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றுவதே தீர்வு.

கார்டிலிருந்து சவுண்ட் கார்டின் லைன்-இன் துளைக்குச் சிறு ஒயர் ஒன்று போகும். அதைச் செருக மறந்தால் பதிவு ஊமைப்படம்தான். உப்புக்காற்றில் கார்டின் பொன்னிறப் பற்கள் கறுக்கும்; பழுது பார்ப்பவர் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகுவார்.

பெரிய எதிரி மின்வெட்டு. தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் மின்சாரம் மணிக்கணக்கில் போனது. ஏவிஐ கோப்பின் அட்டவணை பதிவு முடிந்த பிறகே எழுதப்படும். பாதியில் மின்சாரம் போனால் அதுவரை பதிந்ததும் சாதாரணமாகத் திறக்காது. எம்பெக்-2 கோப்பு பதிந்தவரை ஓடும். யுபிஎஸ் வாங்கினால் செலவு ஏறும். மலிவு என்ற பேச்சு அங்கே அடிபட்டுவிடுகிறது.

சொந்தப் பயனுக்குப் பதிவது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது. சிடி போட்டு விற்பது வேறு கதை.

செட்டாப் பாக்ஸ் வந்ததும் கார்டின் ட்யூனருக்கு வேலையில்லாமல் போனது. பெட்டியின் ஏவி ஒயரைக் கார்டில் செருகிப் பதியலாம்; ஆனால் குறித்த நேரத்தில் பெட்டியின் சேனலைச் சாதாரணமாகக் கணினியால் மாற்ற முடியாது, முன்கூட்டியே வைத்துவிட்டுப் போக வேண்டும். மாற்றாக, செயற்கைக்கோள் அலைகளைப் பிடிக்கும் டிவிபி-எஸ்2 கார்டில் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் ஆன்டெனாவை இணைத்தால், பூட்டப்படாத சேனல்கள் சுருக்கப்பட்ட நிலையிலேயே வந்துசேரும். கணினிக்கு அவற்றை அப்படியே சேமிக்கும் வேலை மட்டுமே. பழைய கணினியே போதும்.