இக்கிகாய்

இக்கிகாய் என்பது ஒருவருக்குத் தம் வாழ்க்கை வாழத் தகுந்தது என்ற எண்ணத்தைத் தருகின்ற ஒன்றைக் குறிக்கும் ஜப்பானிய மொழிச் சொல் ஆகும். தமிழில் இது இகிகாய், இக்கிகய் எனவும் எழுதப்படுகிறது. பிள்ளைகள், தோட்டம், ஒரு கலை, வழிபாடு, நண்பர் வட்டம், செய்தொழில் என எதுவும் ஒருவரது இக்கிகாயாக இருக்கலாம். ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இக்கிகாய்கள் இருப்பதும், அவை வயதுக்கேற்ப மாறுவதும் இயல்பு.

2014ஆம் ஆண்டுக்குப் பின்னர், ஒன்றையொன்று வெட்டும் நான்கு வட்டங்களைக் கொண்ட ஒரு படத்தின் மூலம் இச்சொல் உலகெங்கும் பரவியது. விருப்பம், திறமை, உலகின் தேவை, வருமானம் ஆகிய நான்கும் சந்திக்கும் இடமே இக்கிகாய் என்று அப்படம் கூறுகிறது. ஆனால் அப்படம் ஜப்பானில் தோன்றியதன்று. ஜப்பானியப் பொது வழக்கில், ஒன்று இக்கிகாயாக இருப்பதற்கு அது வருமானம் தர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பொருள் ஈட்டுவதற்கும் வாழ்வின் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றிய உரையாடல்களில் இவ்வேறுபாடு முக்கியமானதாகும்.

சொற்பொருள்

இச்சொல் 'இக்கி', 'காய்' என்னும் இரு பகுதிகளால் ஆனது. முதலாவது வாழ்தலையும், இரண்டாவது பயன் அல்லது மதிப்பையும் குறிக்கும். எனவே 'வாழ்வதன் பயன்' என்று இதனைத் தமிழில் கூறலாம். தமிழில் உள்ள 'காய்' என்ற சொல்லுடன் இதற்குத் தொடர்பு இல்லை.

'காய்' என்பதைப் பின்னொட்டாகக் கொண்ட வேறு சொற்களும் ஜப்பானிய மொழியில் உள்ளன. 'யாரிகாய்' என்பது ஒரு செயலைச் செய்வதனால் கிடைக்கும் மனநிறைவைக் குறிக்கிறது. 'ஹத்தராக்கிகாய்' என்பது உழைப்பதனால் அல்லது வேலை பார்ப்பதனால் கிடைக்கும் மனநிறைவாகும். வேலையின் பயனைக் குறிக்கத் தனிச்சொல் இருப்பதிலிருந்தே, இக்கிகாய் என்பது வேலையினும் பரந்த ஒன்று என்பதை அறியலாம்.

வாழ்க்கையைக் குறிக்க ஜப்பானிய மொழியில் இரண்டு சொற்கள் பெருவழக்காக உள்ளன. 'ஜின்செய்' என்பது பிறப்பு முதல் இறப்பு வரையுள்ள முழு வாழ்க்கை. 'செய்க்கத்சு' என்பது அன்றாட வாழ்க்கை. இக்கிகாய் இவற்றுள் இரண்டாவதற்கே நெருக்கமானது என்பது மருத்துவ உளவியலாளர் அக்கிஹிரோ ஹசெகாவாவின் கருத்தாகும். அதாவது, இச்சொல் ஒரு மாபெரும் வாழ்நாள் இலட்சியத்தைக் காட்டிலும், காலையில் எழுந்து செய்யக் காத்திருக்கும் சிறிய செயல்களின் மகிழ்ச்சியோடு கூடுதல் தொடர்புடையது.

மியேக்கோ காமியாவின் ஆய்வு

இக்கிகாயை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் மனநல மருத்துவர் மியேக்கோ காமியா (1914–1979) ஆவார். இவர் 1966இல் வெளியிட்ட 'இக்கிகாயைப் பற்றி' என்னும் பொருள்படும் நூல் இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது.

ஒக்கயாமா மாநிலத்தைச் சேர்ந்த நாகஷிமா தீவில் 1930இல் அமைக்கப்பட்ட அரசுத் தொழுநோய் மருத்துவமனையில் காமியா 1957 முதல் பணியாற்றினார். ஜப்பானியச் சட்டம் அக்காலத்தில் தொழுநோயாளரைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்தியது. அச்சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது. தீவில் இருந்த நோயாளிகளுக்கு உணவும் உறைவிடமும் கிடைத்தன. சிறு ஊதியத்திற்கு மருத்துவமனை வேலைகளும் தரப்பட்டன. ஆயினும் நாட்கள் பொருளற்றுக் கழிவதாக வருந்தியோர் பலர். அதே சூழலில், பார்வையை இழந்தும் விரல்களை இழந்தும், இசையிலோ கவிதையிலோ பிறருக்கு உதவுவதிலோ வாழ்வின் பயனைக் கண்டோரும் இருந்தனர். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இவ்விரு சாராருக்கும் இடையிலான வேறுபாடு எதனால் உண்டாகிறது என்பதே காமியாவின் ஆய்வுக் கேள்வியாக அமைந்தது.

காமியா இக்கிகாயையும் 'இக்கிகாய் உணர்வை'யும் வேறுபடுத்தினார். முன்னது உணர்வைத் தரும் பொருள் அல்லது செயல். பின்னது அதனால் உள்ளத்தில் எழும் நிறைவு. இவ்வுணர்வு மகிழ்ச்சியிலிருந்தும் வேறானது. மகிழ்ச்சி பெரும்பாலும் நிகழ்காலத்தைச் சார்ந்தது. இக்கிகாய் உணர்வோ எதிர்காலத்தை நோக்கியது. எனவே இன்றைய நிலை துன்பமானதாக இருப்பினும், நாளை ஒன்றை நோக்கிச் செல்லும் ஒருவரிடம் அது இருக்கக்கூடும்.

இக்கிகாயின் இயல்புகளை விளக்கும்போது, நடைமுறை வாழ்வுக்கு அது பயன்பட்டே ஆக வேண்டும் என்பதில்லை என்று காமியா கூறினார். அது ஒருவரது சொந்த விருப்பத்திலிருந்து எழுவது, அவருக்கே உரியது, அவரது உள்ளத்தில் தனி உலகம் ஒன்றை உருவாக்குவது என்பன அவர் குறிப்பிட்ட பிற இயல்புகளாகும்.

இக்கேள்வி காமியாவின் சொந்த வாழ்விலும் இருந்தது. தொழுநோயாளருக்குப் பணியாற்ற வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு மாணவப் பருவத்திலேயே தோன்றியது. இளமையில் காசநோய், போர், குடும்பப் பொறுப்புகள் ஆகியவற்றால் அது நீண்ட காலம் தள்ளிப்போனது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் குடும்பச் செலவுகளுக்காக அவர் அயல்மொழிகள் கற்பித்தார். தீவில் பணியாற்றிய காலத்திலும் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே அங்கு சென்றுவந்தார். நோயாளரைத் தனிமைப்படுத்தும் கொள்கையை அவர் எதிர்க்கவில்லை என்ற விமர்சனமும் பிற்காலத்தில் எழுந்தது.

நிறுவன வேலையும் இக்கிகாயும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950களின் நடுப்பகுதி முதல் 1973 வரை ஜப்பானியப் பொருளாதாரம் மிக வேகமாக வளர்ந்தது. பெரிய நிறுவனங்களில் சேர்ந்தவர்கள் ஓய்வுபெறும் வரை அங்கேயே பணிபுரியும் முறை நிலைபெற்றது. ஆணுக்கு நிறுவனம், பெண்ணுக்குக் குடும்பம் என்பதே இக்கிகாய் என்ற எதிர்பார்ப்பும் சமூகத்தில் வலுப்பெற்றது.

மானிடவியலாளர் கோர்டன் மேத்யூஸ் 1989–1990 காலத்தில் சப்போரோ நகரில் பலரை நேர்கண்டு, 1996இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். இக்கிகாயைப் பற்றி ஜப்பானில் இரு விளக்கங்கள் போட்டியிடுவதை அவர் சுட்டிக்காட்டினார். ஒன்று, தாம் சார்ந்த குழுவோடு ஒன்றிப்போதல். மற்றொன்று, தன்னிறைவாக்கம், அதாவது தமக்குள் உள்ள ஆற்றலை முழுமையாக வெளிக்கொணர்தல். நிறுவனத்தையே இக்கிகாயாகக் கொள்வது முதல் விளக்கத்தைச் சார்ந்தது.

1990களின் தொடக்கத்தில் ஏற்பட்ட பொருளாதாரத் தேக்கத்துக்குப் பின்னர் நிலையான வேலைகள் குறைந்தன. ஊழியரின் வாழ்நாளுக்கு நிறுவனம் பொறுப்பேற்காத நிலையில், நிறுவனத்திடம் தம் வாழ்வின் பயனை ஒப்படைப்பது கடினமாயிற்று. 2010இல் 2,000 ஜப்பானிய ஆண்களிடமும் பெண்களிடமும் நடத்தப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பில், வேலையைத் தம் இக்கிகாயாகக் கருதியோர் 31 விழுக்காட்டினர் மட்டுமே.

யாரிகாய் சுரண்டல்

விரும்பிய பணியே வருமானமும் தருமாயின் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் அவ்விணைவிலும் ஒரு தீங்கு உண்டு என்பதை ஜப்பானியச் சமூகவியலாளர் சுட்டிக்காட்டியுள்ளனர். மசாஹிரோ அபே மோட்டார் சைக்கிளில் கடிதங்களையும் பொதிகளையும் கொண்டுசேர்க்கும் பணியில் தாமே ஈடுபட்டு, அவ்வனுபவத்தின் அடிப்படையில் 2006இல் ஒரு நூல் வெளியிட்டார். வண்டி ஓட்டுவதில் உள்ள விருப்பத்தால் இத்தொழிலுக்கு வரும் இளைஞர்கள், ஒவ்வொரு பொதிக்கும் கூலி என்ற முறையில் தம் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் மறந்து, தாமாகவே அளவுக்கு மீறி உழைக்கத் தொடங்குவதை அந்நூல் விவரித்தது.

இதனையொட்டி, கல்விச் சமூகவியலாளர் யூக்கி ஹோண்டா 2000களின் பிற்பகுதியில் 'யாரிகாய் சுரண்டல்' என்ற கருத்தை முன்வைத்தார். பணி தரும் மனநிறைவையே காரணமாக்கி, ஊழியரிடம் குறைந்த ஊதியத்துக்கு நீண்ட நேர உழைப்பைப் பெறுவதை இது குறிக்கும். 2016இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடரில் இடம்பெற்றதைத் தொடர்ந்து இச்சொல் பொதுமக்களிடையேயும் பரவியது.

முதியோர் மனிதவள நடுவங்கள்

பிழைப்பும் இக்கிகாயும் வேறொரு வகையில் சந்திக்கும் இடமாக ஜப்பானின் முதியோர் மனிதவள நடுவங்களைக் குறிப்பிடலாம். நரையைக் குறிக்கும் வகையில் இவை 'வெள்ளி' என்ற அடைமொழியுடன் அழைக்கப்படுகின்றன. 1975இல் தோக்கியோவில் தொடங்கப்பட்ட அமைப்பின் வழிவந்த இவை, 1986இல் முதியோர் வேலைவாய்ப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன.

60 வயதும் அதற்கு மேலும் உடையோர் இவற்றில் உறுப்பினர் ஆகலாம். தோட்ட மரங்களைக் கத்தரித்தல், களையெடுத்தல், மிதிவண்டி நிறுத்துமிடங்களைக் கவனித்தல், வீட்டின் காகிதக் கதவுகளுக்குப் புதுக் காகிதம் ஒட்டுதல், உறைகளில் முகவரியை அழகுறத் தூரிகையால் எழுதுதல் போன்ற வேலைகள் இவற்றின் வழியாக வழங்கப்படுகின்றன. பொதுவாக மாதத்திற்குப் பத்து நாட்கள் அல்லது வாரத்திற்கு இருபது மணி நேரம் என்ற அளவிலேயே வேலை அமைகிறது. கிடைக்கும் தொகை பெரும்பாலும் ஊதியம் என்று அழைக்கப்படாமல், பங்குத் தொகை என்றே அழைக்கப்படுகிறது. அது முழுக் குடும்பத்தையும் தாங்கும் அளவினதன்று. ஓய்வூதியத்திற்குத் துணையாக அமைவதாகும். வருமானத்தோடு இக்கிகாயும் சமூகத் தொடர்பும் கிடைக்கச் செய்வது இந்நடுவங்களின் வெளிப்படையான நோக்கமாகும்.

நான்கு வட்டப் படம்

நான்கு வட்டப் படத்தை உருவாக்கியவர் எசுப்பானிய நாட்டுச் சோதிடர் ஆந்திரேசு சுசுனாகா ஆவார். 2010களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய அப்படத்தின் நடுவில் 'நோக்கம்' என்ற சொல்லே இருந்தது. அதில் இக்கிகாய் என்ற சொல் இடம்பெறவில்லை.

இதற்கிடையே, எழுத்தாளர் டான் பியூட்னர் 2009இல் ஆற்றிய ஓர் உரையில், ஓக்கினாவாத் தீவு முதியோரின் நீண்ட ஆயுளுக்கான காரணங்களுள் ஒன்றாக இக்கிகாயைக் குறிப்பிட்டிருந்தார். மார்க் வின் என்பவர் 2014இல் தம் வலைப்பதிவில் இவ்விரண்டையும் இணைத்து, சுசுனாகாவின் படத்தில் 'நோக்கம்' என்பதற்குப் பதிலாக 'இக்கிகாய்' என்று எழுதி வெளியிட்டார். அந்த ஒரு சொல் மாற்றத்துடன் அப்படம் உலகெங்கும் பரவியது. எக்டர் கார்சியா, பிரான்செசுக் மிராயெசு ஆகியோர் 2016இல் எசுப்பானிய மொழியில் வெளியிட்ட நூலும் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு இச்சொல்லை மேலும் பரப்பியது.

தொழிலைத் தேர்ந்தெடுப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்விகளை ஒழுங்குபடுத்த இப்படம் உதவக்கூடும். எனினும், இதனை இக்கிகாயின் விளக்கமாகக் கொள்வதில் குறைகள் உள்ளன. நான்கு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேற வேண்டுமெனில், வீட்டில் குழந்தையை வளர்ப்பவருக்கும், ஓய்வுபெற்றவருக்கும், நோயுற்றவருக்கும், பிழைப்புக்காக ஒரு வேலையையும் மனநிறைவுக்காக வேறொரு கலையையும் கொண்டவருக்கும் இக்கிகாய் இல்லை என்றாகிவிடும். காமியா தீவில் கண்டதற்கு இது நேர்மாறானது.

உடல்நல ஆய்வு

மியாகி மாநிலத்தின் ஓசாக்கிப் பகுதியில் 40 முதல் 79 வயது வரையுள்ள 43,391 பேரிடம், வாழ்வில் இக்கிகாய் உள்ளதா என்று கேட்கப்பட்டு, ஏழு ஆண்டுகள் அவர்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். அக்காலத்தில் 3,048 பேர் இறந்தனர். இக்கிகாய் இல்லை என்றோரின் இறப்பு இடர், உண்டு என்றோரைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது என 2008இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்த இறப்புகளில் இவ்வேறுபாடு காணப்பட்டது. புற்றுநோய் இறப்புகளில் காணப்படவில்லை.

இம்முடிவைக் கவனத்துடன் நோக்க வேண்டும். இக்கிகாய் இல்லை என்றோரிடையே வேலையற்றோர், மணமாகாதோர், உடல்நலம் குன்றியோர், மனஅழுத்தம் மிக்கோர் கூடுதலாக இருந்தனர். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் எடுத்தே இடரை மதிப்பிட்டனர். எனினும் இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுவனவேயன்றி, இக்கிகாய்தான் ஆயுளை நீட்டிக்கிறது என்று நிறுவுவன அல்ல. அதேவேளை, வேலையும் உடல்நலமும் போன்ற புறநிலைகளிலிருந்து இக்கிகாய் முற்றிலும் விடுபட்டதன்று என்பதையும் இத்தரவுகள் உணர்த்துகின்றன.

மதிப்பீடு

தமிழில் 'பிழைப்பு', 'வாழ்வு' ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளில் வழங்குவதில்லை. இக்கிகாய் பற்றிய கருத்துகளும் இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவைப் பற்றியனவே. நான்கு வட்டப் படம் இரண்டையும் ஒரு புள்ளியில் சேர்க்க முயல்கிறது. ஜப்பானிய வழக்கோ, அவை சேர்ந்திருக்கவும் தனித்திருக்கவும் இடமளிக்கிறது. வருமானம் தரும் வேலை மனநிறைவையும் தருமாயின் அது நற்பேறு. தராவிடினும் அவ்வேலை இழிவானதன்று, வாழ்வும் பயனற்றதன்று என்பது இவ்வழக்கின் உட்கிடை எனலாம். எனினும், உரிய ஊதியமும் ஓய்வும் இல்லாதவிடத்து இரண்டில் ஒன்றுக்கும் இடமிராது என்பதை யாரிகாய் சுரண்டல் குறித்த ஆய்வுகள் நினைவூட்டுகின்றன.