கப்ரிஞ்ஞா முதல் எம்.ஐ.ஏ. வரை: அடிநிலை மக்கள் இசையும் ஒளிபரப்பு நிறுவனமும் (புத்தளக் கரையோரத்தை அடியாகக் கொண்ட ஒரு நோக்கு)

I

சமூகத்தின் அடித்தளத்தில் தோன்றும் இசை எதுவும் நீண்ட காலம் அங்கேயே தங்கிவிடுவதில்லை. ஒரு கட்டத்தில் அது வானொலி நிலையத்தின் படியேறுகின்றது. பின்னர் தொலைக்காட்சியின் ஒளிவெள்ளத்தில் நாற்காலியிட்டு அமர்த்தப்படுகின்றது. இதனைப் பொதுவாக அங்கீகாரம் என்று கொள்கிறோம். ஆயின், படியேறும்போது அவ்விசை எதனைத் தன்னுடன் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படுகின்றது, எதனை வாசலிலேயே விட்டுச் செல்ல வேண்டியுள்ளது என்ற வினாவை எமது ஆய்வாளர் பெரிதும் எழுப்பியதில்லை. இவ்வினாவைப் புத்தளக் கரையோரத்தை அடியாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தளத்தைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை நீளும் இக்கரையோரத்தில் தமிழ், சிங்களம், அழிந்துவரும் போர்த்துக்கேயக் கிரியோல் ஆகிய மூன்றிலும் மக்கள் பாடியுள்ளனர். சைவரும் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் ஒரே கடலை நம்பி வாழ்ந்துள்ளனர். இலங்கையின் மிகவும் பரவலான வெகுசன இசை வடிவமாகிய பைலாவின் மூலங்களுள் ஒன்று இன்றும் இம்மாவட்டத்தில் உயிரோடு இருக்கின்றது. எனினும், பைலாவைக் கேளிக்கை எனத் தள்ளிவிடும் மனப்பான்மை எமது கல்வியுலகில் வேரூன்றியிருப்பதால், அதன் சமூக வரலாறு தமிழில் முறையாக எழுதப்படவில்லை.

II

ஒப்பீட்டுக்காக முதலில் மேனாட்டு அனுபவத்தைச் சுருக்கமாகக் காண்போம். 1970களின் நடுப்பகுதியில் பிரித்தானியப் பொருளாதாரம் நெருக்கடிக்குள்ளாகி, தொழிலாளர் குடும்பத்து இளைஞர் வேலையின்றித் தெருவில் நின்ற சூழலில் பங்க் இசை எழுச்சி பெற்றது. 1976 டிசெம்பர் 1ஆந் திகதி செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினர் தேம்ஸ் தொலைக்காட்சியின் மாலை நிகழ்ச்சியொன்றில் தோன்றினர். நிகழ்ச்சியை நடத்திய பில் கிரண்டி, மூர்க்கமாக ஏதேனும் சொல்லும்படி அவர்களைத் தூண்டினார், அவர்களும் சொன்னார்கள். மறுநாள் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. அவர்களது சுற்றுப்பயணத்தின் பெரும்பாலான நிகழ்ச்சிகள் இரத்தாயின. 1977 யனவரியில் ஒலித்தட்டு நிறுவனம் அவர்களைக் கைவிட்டது. கிரண்டியும் இரு வாரங்கள் பணியிடை நிறுத்தப்பட்டார். கலகத்தைக் கேட்டு வாங்கியதும் தொலைக்காட்சியே, கேட்டதைத் தந்தமைக்காகத் தண்டித்ததும் அதனைச் சூழ்ந்த அதே சமூக ஒழுங்கே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அமெரிக்காவில் இவ்வுறவு வேறோர் உருவெடுத்தது. என்.பி.சி. நிறுவனத்தின் ரொம் சினைடர் நள்ளிரவுக்குப் பின் நடத்திவந்த உரையாடல் நிகழ்ச்சியில் 1980இல் ஜோன் லைடன் தோன்றினார். செக்ஸ் பிஸ்டல்ஸை விட்டு விலகிப் புதிய குழுவொன்றை அமைத்திருந்த அவர், தமது குழு இசைக்குழு அன்று, ஒரு கம்பனி என்று கூறி, உரையாடலின் வழமையான போக்குக்கு ஒத்துழைக்க மறுத்தார். 1981இல் அதே நிகழ்ச்சியில் த கிளாஷ் குழுவினர் பேசியும் பாடியும் சென்றனர். மாலைவேளையில் ஏற்க முடியாதிருந்த குரல் நள்ளிரவில் ஏற்கப்பட்டது ஏன்? குடும்பப் பார்வையாளர் உறங்கிவிட்ட நேரம் அது. விளம்பரதாரருக்கு மலிவான நேரமும் அதுவே. ஆகவே, இந்த அனுமதியைத் தாராள மனத்தின் விளைவு என்பதிலும் நேரத்தின் சந்தை விலையின் விளைவு என்பதே பொருந்தும்.

III

இனிப் புத்தளத்துக்கு வருவோம். புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிராம்பியடியில், ஆபிரிக்க வம்சாவளியினரான சிறு சமூகமொன்று வாழ்கின்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் தத்தம் ஆட்சிக் காலங்களில் இவர்களின் மூதாதையரை அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் இத்தீவுக்குக் கொணர்ந்தனர். பிரித்தானியப் படைப்பிரிவுகள் 19ஆம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டபின், புத்தளத்தில் நிலைகொண்டிருந்தோர் அங்கேயே குடியமர்ந்தனர். 'காப்பிரியர்' என்ற பெயர் அரபுச் சொல்லொன்றின் வழி வந்தது; பிறர் இட்ட பெயராயினும் இச்சமூகத்தவர் அதனைத் தமதாகவே ஏற்றுள்ளனர். சமயத்தாற் கத்தோலிக்கர், அன்றாட மொழி இப்பொழுது சிங்களம். முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கிரியோல் பெரும்பாலும் பாடல்களிலேயே எஞ்சியுள்ளது.

அப்பாடல்களே 'மஞ்ஞா' எனப்படுவன. சில வரிகளே மீண்டும் மீண்டும் வரும். மெதுவாகத் தொடங்கி, தாளம் படிப்படியாக விரைந்து, ஆட்டமாக முடியும். றபானும் வேறு தோற்கருவிகளும் உண்டெனினும், போத்தலும் கரண்டியும் சிரட்டையும் வாத்தியங்களாக ஒலிப்பதே எமது கவனத்துக்குரியது. உடைமையற்றோர் அடுக்களையிலும் முற்றத்திலும் கிடைத்தவற்றை வாத்தியமாக்கிக் கொண்டனர். விலைகொடுத்து வாங்கும் கருவியும் பயின்று பெறும் இலக்கணமும் இன்றி இசை இயலும் என்ற இக்கூற்றைப் பங்க் இளைஞர் 1976இல் ஒரு பிரகடனமாக முன்வைத்தனர். சிராம்பியடியில் அது வாழ்க்கை நிலைமையாக இருந்தது. பிரகடனத்தை நாம் புரட்சி என்கிறோம். வாழ்க்கை நிலைமையை நாட்டாரியல் என்கிறோம். இவ்விரு பெயரீடுகளுக்கும் இடையிலான தூரத்தை அளப்பது ஆய்வாளரின் கடமையாகும்.

போர்த்துக்கேயத் தொடர்பால் உருவாகி, மட்டக்களப்புப் பறங்கியர் மத்தியிலும் வழங்கும் கப்ரிஞ்ஞா ஆட்ட இசையே பைலாவின் ஊற்று. பைலா என்ற சொல்லும் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேய வினையிலிருந்து வந்ததே. 1940களில், பொலிஸ் சேவையிலிருந்த வோலி பஸ்ரியன் இத்தாளத்துக்குச் சிங்களச் சொற்களை இயைத்துப் புதிய பைலாவை வகுத்தார். மேற்குக் கரையோரத்தின் மீனவர், தச்சர், நகரத் தொழிலாளர் ஆகியோரின் கல்யாண வீடுகளிலும் தவறணைகளிலும் அது விரைந்து பரவியது.

IV

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925இல் தொடங்கியது; 1949இல் அது றேடியோ சிலோன் என்னும் பெயரைப் பெற்றது. சுதந்திரத்தின் பின், தேசியப் பண்பாட்டை வரையறுக்கும் நிறுவனமாக அது தன்னைக் கருதிக்கொண்டது. 1952இல் இந்தியாவிலிருந்து எஸ்.என். ரத்தன்ஜங்கர் வரவழைக்கப்பட்டு, அவரைக் கொண்டு பாடகர்கள் தரம் பிரிக்கப்பட்டனர். வட இந்திய இராக முறையே அங்கு அளவுகோலாயிற்று. இத்தேர்வுக்குத் தோற்ற மறுத்த சுனில் சாந்த வானொலி வாய்ப்பை இழந்தார். சாஸ்திரியப் பயிற்சி பெற்றிருந்தும், எளிய மெட்டுக்களால் மக்களைக் கவர்ந்த ஒரு கலைஞருக்கு நேர்ந்த கதி இது. அவ்வாறாயின், இராக முறையால் அளக்கவே இயலாத பைலாவின் நிலை எவ்வாறிருந்திருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. தமிழ்ப் பகுதியில் கர்நாடக சங்கீதம் இதே காவற்பணியைச் செய்தது. இரு மொழியினரின் மேட்டிமைகளும் அரசியலில் எதிரெதிராக நின்றபோதிலும், எது இசை என்பதைத் தீர்மானிப்பதில் ஒரே வர்க்கப் பார்வை கொண்டிருந்தன.

இக்காவலை உடைத்தது சந்தையாகும். விற்பனையாளரும் இளைய நேயரும் கேட்பது வேறு என்பது ஒலித்தட்டு வணிகத்தாலும் வர்த்தக சேவையாலும் வெளிப்பட்டது. 1960களின் பிற்பகுதியிலிருந்து கிளாரன்ஸ் விஜேவர்தன போன்றோர் மின்கித்தாருடன் புதிய சிங்கள இசையை வளர்த்தனர். அதே காலப்பகுதியில் நித்தி கனகரத்தினம் தமிழ்ப் 'பொப்' இசைக்கு வித்திட்டார். சின்ன மாமியையும் கள்ளுக்கடையையும் பாடுபொருளாக்கிய அவரது பாடல்கள், பண்டித மரபு ஒதுக்கிய பேச்சுத் தமிழை ஒலிவாங்கியின் முன் நிறுத்தின. ஏ.ஈ. மனோகரன் பாடிப் புகழ் பெற்ற 'சுராங்கனி' இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. மீன் கொண்டுவந்த செய்தியைச் சிங்களத்திற் சொல்லித் தமிழில் தொடரும் இருமொழிப் பாடல் அது. தனிச்சிங்களச் சட்டம் 1956இல் நிறைவேறி, சிலாபம், நீர்கொழும்புக் கரையோரத் தமிழ்க் கத்தோலிக்கர் பாடசாலை வழியாகப் படிப்படியாகச் சிங்கள மொழியினராகிக் கொண்டிருந்த காலத்தை இதனுடன் இணைத்து நோக்குதல் வேண்டும். அரசு பிரித்த இரு மொழிகளைக் கரையோரத்து மீன் வியாபாரம் ஒரே அடியில் வைத்துப் பாடியது. ஆயினும் 1977இல் இப்பாடல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தின் வழி தமிழகமெங்கும் ஒலித்தபோது, கரையோரத்தின் இருமொழி வாழ்வு பின்தள்ளப்பட்டு, அயல்நாட்டுக் குதூகலம் என்பதே எஞ்சியது.

V

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தொடங்கியது. அரசின் ரூபவாகினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பை ஆரம்பித்தது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் குழந்தைகளான இவை வந்தபோது பைலா ஏற்கெனவே விலைபோகும் பண்டமாகியிருந்தது. எனவே வாசல் திறந்தே இருந்தது. பைலா பண்டிகை நாட்களின் கொண்டாட்ட இசையாக இடம் பெற்றது. மஞ்ஞாவோ 'அருகிவரும் பாரம்பரியம்' என்ற தலைப்பின்கீழ் இடம் பெற்றது. முன்னதில் பாடகர் களிப்பூட்டுபவர். பின்னதில் அவர் காட்சிப்பொருள். சிராம்பியடி மக்களைப் பற்றிய விவரணங்களில் பெரும்பாலும் முன்நிற்கும் விடயம் அவர்களின் தோற்றமும் பூர்வீகமுமே. உப்பளத்திலும் வயலிலும் பிறர் வீட்டிலும் அவர்கள் பெற்ற கூலி என்ன, நில உரிமை என்ன என்பன அரிதாகவே கேட்கப்படுகின்றன. எங்கிருந்து வந்தீர் என்ற வினா, எவ்வாறு வாழ்கிறீர் என்ற வினாவை மறைத்துவிடுகின்றது.

இதே தர்க்கத்தின் மறுமுனையைப் புலம்பெயர் தமிழர் வரலாற்றில் காண்கிறோம். 1975இல் இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986இல் அகதியாக மீண்டும் இலண்டன் சென்ற மாதங்கி (மாயா) அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2007இல் 'கலா' என்ற இசைத்தொகுதியை வெளியிட்டார். அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாடல், த கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றிலிருந்து தன் அடிநாதத்தைப் பெற்றது. மூலப்பாடலும் குடிபெயர்ந்தோரையும் கைவிடப்பட்டோரையும் பற்றியதே. குடிவரவாளரை மேலைச் சமூகம் எவ்வாறு அச்சத்துடன் நோக்குகின்றது என்பதை எள்ளிநகையாடும் எம்.ஐ.ஏ.யின் பாடலில் துப்பாக்கி வேட்டொலிகளும் பணப்பெட்டி திறக்கும் ஒலியும் பல்லவியின் பகுதிகளாகவே அமைந்துள்ளன. அவ்வாண்டு டேவிட் லெற்றர்மனின் பின்னிரவு நிகழ்ச்சியில் அவர் இப்பாடலைப் பாடியபோது, சி.பி.எஸ். நிறுவனம் வேட்டொலிகளை நீக்கி வேறு ஒலிகளை இட்டது. பாடகி தமது அதிருப்தியைப் பகிரங்கமாகத் தெரிவித்தார்.

பாடகிக்கு மேடை கிடைத்தது. மெல்லிசையும் ஆட்டமும் ஏற்கப்பட்டன. நீக்கப்பட்டது அவலத்தின் ஒலி. போரில் வளர்ந்த ஒரு பெண்ணின் பாடலிலிருந்து போரின் ஓசையை எடுத்துவிட்டால் எஞ்சுவது யாது? பணப்பெட்டியின் ஒலி மட்டுமே. 2009 யனவரியில், வன்னியில் போர் உச்சமடைந்த வேளை, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ரவிஸ் ஸ்மைலியுடன் உரையாடியபோது அவர் தமிழ் மக்களின் நிலையை நேரடியாகவே எடுத்துரைத்தார். பாட்டாக அவர் சொன்னதை ஏற்றோர் பலர், பேச்சாகச் சொன்னதை ஏற்கத் தயங்கினர். கலைஞர் என்ற தகுதியே அவர் சொல்லின் நம்பகத்தன்மையை மறுக்கும் கருவியாயிற்று.

VI

இவற்றைக் கொண்டு, ஒளிபரப்பு நிறுவனம் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகின்றது என்ற முடிவுக்கு வருதல் பொருத்தமற்றது. பண்பாட்டுத் தொழிலகம் பற்றி அடோர்னோ கூறிய கருத்துக்கள் இங்கு துணைபுரிகின்றனவாயினும், அவை வரலாற்றின் ஒரு பக்கத்தையே விளக்குகின்றன. இலண்டன் பங்க் இளைஞரின் நாதம் கால் நூற்றாண்டின் பின் ஒரு தமிழ் அகதிப் பெண்ணின் கைக்கு எட்டியதும் ஒலிப்பதிவுச் சந்தையின் வழியாகவே. சிராம்பியடித் தாளம் தீவு முழுவதும் பரவியதும் அவ்வழியாகவே. முதலாளித்துவ ஊடகம் தான் விற்கும் பண்டத்துடன் சேர்த்துத் தன்னால் முற்றாகக் கட்டுப்படுத்த முடியாத நினைவையும் சுமந்து செல்கின்றது. இம்முரண்பாடே எமது ஆய்வுக்குரிய களம்.

இதனை மேலும் தெளிவாக்க உடப்பினை நோக்கலாம். புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையிலுள்ள இத்தமிழ்க் கிராமம் திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பால் அறியப்பட்டது. ஆயினும், அதன் கடற்கரையில் கரைவலை இழுப்போர் பாடிய அம்பாப் பாடல்களே எமக்கு இங்கு முக்கியம். ஒருவர் அடி எடுக்க மற்றையோர் ஒருமித்து ஏற்பர். ஏற்கும் கணத்திலேயே கயிறு இழுபடும். இங்கு தாளம் என்பது உழைப்பின் அலகு. சம்மாட்டிக்கும் வலையிழுக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பங்கீடும் அக்கயிற்றிலேயே பிணைந்துள்ளது. அம்பாவை மேடைக்குக் கொணரும்போது கயிறு மறைகின்றது. குரல் மட்டும் இனிமையாகின்றது. கரையிலும் இழுவை இயந்திரம் புகுந்த இடங்களில் குரலுக்குத் தேவையின்றிப் போகின்றது. உழைப்பிலிருந்து பிரிந்த பாடல் ஒன்றில் மௌனமாகின்றது, அன்றேல் பண்டமாகின்றது.

எனவே எமது பணிகள் வெளிப்படை. மஞ்ஞாவையும் அம்பாவையும் ஒலிவடிவில் மட்டும் பதிவுசெய்து நிறைவடைதல் போதாது. பாடுவோரின் தொழில், கூலி, நில உரிமை, மொழியிழப்பு ஆகியவற்றைப் பாடலுடன் சேர்த்தே பதிவுசெய்தல் வேண்டும். பைலாவையும் தமிழ்ப் பொப் இசையையும் இலக்கிய வரலாற்றின் புறக்கடையில் நிறுத்தாது, பேச்சு மொழியின் எழுச்சியைப் பேசும் அதிகாரங்களில் அவற்றுக்குரிய இடத்தை வழங்குதல் வேண்டும். சிராம்பியடியின் மூத்த தலைமுறையுடன் மொழியொன்று மறைந்துகொண்டிருக்கும்போது இப்பணி காலம் தாழ்த்தக்கூடியதன்று. பாடலுக்கு ஒலிவாங்கி கொடுத்தவர்கள் பலர். பாடியவர் தம் வாழ்வைப் பற்றித் தாமே வினா எழுப்பவும், அவ்வினாவுக்குப் பிறர் விடையளிக்கவும் வகைசெய்யும் மேடையை ஆக்குவதே இனி எஞ்சியுள்ள பணியாகும்.