தாவுல் கிராமத்துத் தேவாலயம்

ஸ்பெயின் தேசத்தின் வடஎல்லையில், பிரனீஸ் மலைத்தொடரின் போயீ பள்ளத்தாக்கிலுள்ள தாவுல் கிராமத்தில், அர்ச்சியசிஷ்ட கிளமெந்துவின் தேவாலயம் 1123-ஆம் வருஷம் டிசம்பர் 10-ஆம் தேதி ரோதா மேற்றிராணியார் ராமோனால் அபிஷேகம் செய்யப்பட்டதென்பதை, அங்கே ஒரு தூணின்மீது வர்ணத்தால் எழுதப்பட்ட சாசனத்தால் அறிகிறோம். மறுநாளே அவ்வூரில் தேவமாதாவுக்கும் ஓர் ஆலயம் அபிஷேகமாயிற்று. மலைநடுவே ஒரு சிற்றூருக்கு எத்தகைய பாக்கியம்!

உருண்டைத் தூண்களால் மூன்று பாகமாக வகுக்கப்பட்டு, மரக்கூரை தாங்கி, கிழக்குக் கோடியில் மூன்று அரைவட்ட மாடங்களாய் முடிவுறும் இவ்வாலயத்தின் பக்கத்தில், லொம்பார்தியச் சிற்பிகளின் முறையை அனுசரித்து, அடுக்கடுக்காய்ச் சாளரங்கள் திறந்த சதுர மணிக்கோபுரம் நெடிதோங்கி நிற்கிறது.

ஆயினும் இதன் மகிமையெல்லாம் நடுமாடத்துச் சித்திரத்திலேதான். பிரனீஸ் மலையிலேயே கிடைக்கும் ஏரினைட் என்னும் கனிமத்தின் நீலம் பின்னணியில் விளங்க, பரமண்டலத்தில் வீற்றிருந்து ஆசீர்வதிக்கும் கிறிஸ்துநாதரின் திருமுகத்தை அத்தனை கம்பீரமாய்த் தீட்டியவன் தன் பெயரை எழுதி வைக்கவில்லை.

1919 முதல் 1923 வரை இப்பள்ளத்தாக்கின் சித்திரங்கள், சுவரில் துணியைப் பசையிட்டு ஒட்டி, வர்ணப்படலத்தோடு உரித்தெடுக்கப்பட்டு, பார்ஸிலோனா கலைக்கூடத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. பிறந்த சுவரை விட்டு அவை பிரிந்தது மனத்தை வருத்துவதேயெனினும், மூர் என்னுமிடத்து ஆலயத்தின் சித்திரம் விலைபோய் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை அடைந்ததை எண்ணும்போது, இவற்றைப் பார்ஸிலோனாவுக்குக் கொண்டுபோன செய்கை தக்கதென்றே கருதுகிறேன்.