பழைய கணினியைத் திருத்துவதா, மாற்றுவதா? ஒரு வரலாற்று வாத்தியாரின் பதில்



கொஞ்ச காலமாக உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "சார், வீட்டுல இருக்கிற கம்ப்யூட்டர் பத்து வருஷத்துப் பழசு. விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சுங்கிறாங்க. ரிப்பேர் பண்ணி வெச்சுக்கலாமா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாமா?" நான் நடத்தியது வரலாறு, கணினி அல்ல. அதனால் எனக்குத் தெரிந்த வழியில், வரலாற்றின் வழியாகவே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நடந்தது என்ன? 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10க்கு, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. அந்தத் தேதியில் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க ஆள் வராது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும். 2017க்கு முன் வாங்கிய பெரும்பாலான கணினிகளுக்கு இந்தத் தகுதி இல்லை. பெட்டி நன்றாக ஓடினாலும் வாசலில் நிறுத்திவிடுகிறார்கள்.

இது முதல் தடவை அல்ல. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதி இதே கதி ஏற்பட்டது. தாலுகா அலுவலகம், பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம் என்று எங்கும் எக்ஸ்பிதான் இருந்த காலம் அது. அப்போது தமிழக அரசுக்கும் இதே கேள்வி வந்தது. எல்லாப் பெட்டியையும் மாற்றுவதா, பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் இயங்குதளத்தை மட்டும் மாற்றுவதா? சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறும்படி துறைகளுக்கு அரசு அறிவுறுத்தியது. அந்தப் பெயர் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை கொண்டுவந்த அந்த மடிக்கணினிதான் டெல்டா கிராமங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கணினி. அதில் இருந்த லினக்ஸைத் திறந்து பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்!

சரி, திருத்துவதா மாற்றுவதா என்று எப்படி முடிவு செய்வது? இதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. கல்லணையைப் பாருங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. அணை பழசாகிவிட்டது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று சொல்வது எளிது. ஆர்தர் காட்டன் கோளாறு எங்கே என்று பார்த்தார். கோளாறு அணையில் இல்லை, மணலில் இருந்தது. காவிரியின் படுகை மணலால் மேடாகிக்கொண்டே போக, முக்கொம்பில் பிரிகிற தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போனது. அதனால் 1830ஐ ஒட்டிக் கல்லணையில் மணற்போக்கி மதகுகள் வைத்தார்கள். 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டினார்கள். கல்லணை இருந்த இடத்திலேயே இருந்தது. அது மணலில் எப்படி நிற்கிறது என்று பார்த்துக் கற்றதைத்தான் பிறகு கோதாவரியில் காட்டன் பயன்படுத்தினார்.

அதே மேலணையின் கதை வேறு விதமாக முடிந்தது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடம் பக்கத்தில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. அதற்குப் பிறகு ஒட்டுப்போட்டுப் பயன் இல்லை. பக்கத்திலேயே புதிய கதவணை கட்டினார்கள். அதுவும் சரியான முடிவுதான். பழசு என்பதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம், பழசு என்பதற்காகக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். எது போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கணினிக்கும் இதுதான் கணக்கு. "ரொம்ப ஸ்லோ" என்று நீங்கள் சொல்கிற பெட்டிகளில் பெரும்பாலும் போயிருப்பது வன்தட்டு. சுழலும் தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, 4 ஜிபி ராமை 8 ஆக்கினால், அதே பெட்டி வேறு பெட்டி மாதிரி ஓடும். புதுக் கணினி விலையில் ஒரு பகுதிதான் செலவாகும். மின்கட்டணம் கட்ட, கடிதம் எழுத, பேரன் பேத்தியோடு முகம் பார்த்துப் பேச, படம் பார்க்க அது போதும். மதர்போர்டு போய்விட்டால் மேலணைக் கதைதான், புதிது வாங்குங்கள். பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு விண்டோஸ் 11இல் மட்டும் ஓடுகிற மென்பொருள் கட்டாயம் என்றாலும் புதிது வாங்குவதே சரி.

இவ்வளவும் எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். கடையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு. பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எங்கள் அம்மா வெண்ணாற்றங்கரையில் நாற்று நட்டு எங்களைப் படிக்க வைத்தவர். நடவுப் பாட்டு அவருக்கு அத்துபடி. 2004இல் நாங்கள் முதல் கணினி வாங்கினோம். தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறியவர் என் துணைவியார். மாலை வேளையில் அம்மா பாடப் பாட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்வார். மொத்தம் 37 பாட்டுகள். அம்மா 2008இல் காலமானார். 2016இல் பழைய பெட்டி செத்துப்போய் வேறு வாங்கியபோது, கடைப் பையன் எல்லாக் கோப்புகளையும் ஒழுங்காக மாற்றிக் கொடுத்தான்.

இப்போது அந்த 2016 பெட்டியைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்று தம்பி மகன் வந்தான். "அம்மா" என்ற கோப்புறையைத் திறந்தான். உள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு பக்கமும் புரியவில்லை. "பெரியப்பா, ஃபைல் எல்லாம் கெட்டுப்போச்சு. அழிச்சிடவா?" என்றான்.

கெட்டுப்போகவில்லை. அங்கேதான் வரலாறு வருகிறது.

தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வழி கண்டவர்களில் முன்னோடி யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா. அந்தத் தட்டச்சில் பழகிய விரல்கள் கணினிக்கு வந்தபோது, அதே விசைகளில் தமிழ் வரும்படி எழுத்துருக்கள் செய்தார்கள். பாமினி அப்படிப்பட்டது. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துதான், அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். போர்வையை எடுத்தால் ஆங்கிலக் குப்பை தெரியும். இதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு போர்வை நெய்தது. ஒருவர் பாமினியில் எழுதியதை இன்னொருவர் வேறு எழுத்துருவில் படிக்க முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியேற்றங்களும் வந்தன. இணையத் தமிழர்கள் உலகெங்கும் பேசி உருவாக்கிய டிஸ்கி இன்னொரு பக்கம் இருந்தது. தமிழ் எழுத்துக்கே தனி எண் கொடுக்கும் யூனிகோட் 1991லேயே வந்துவிட்டது. விண்டோஸ் 2000 தொட்டு அது கணினிக்குள்ளும் வந்தது. ஆனால் எக்ஸ்பியில் அதற்கென ஒரு அமைப்பைத் தேடிப் போய் இயக்க வேண்டும். அது தெரியாத வீடுகளிலும் டிடிபி கடைகளிலும் பழைய எழுத்துருக்களே ஓடின. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது.

ஆக, 1990களிலிருந்து 2010 வரை நம் வீடுகளில் தமிழில் தட்டச்சு செய்தவற்றில் பெரும்பகுதி, போர்வை இல்லாவிட்டால் படிக்க முடியாத எழுத்து. கணினியை மாற்றும்போது கோப்பு வந்துவிடும். எழுத்துரு வேறு கோப்புறையில் இருப்பதால் பின்தங்கிவிடும். பிறகு ஒரு நாள் யாரோ திறந்து பார்த்து, கெட்டுப்போனது என்று அழித்துவிடுவார்கள்.

இப்படி நாம் இழந்தது இதற்கு முன்பும் உண்டு. பனையோலை சில நூறு ஆண்டு தாங்கும். அதற்குள் இன்னொருவர் புது ஓலையில் படி எடுக்க வேண்டும். படி எடுத்தது பிழைத்தது, எடுக்காதது போனது. தஞ்சையில் சரபோஜி மன்னர் சரசுவதி மகாலுக்குச் சுவடிகளை வாங்கியும், வாங்க முடியாதவற்றைப் படி எடுத்தும் சேர்த்தார். நம் உத்தமதானபுரத்து உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே ஊர் ஊராகச் சுவடி தேடினார். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அவர் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொல்லக் கேட்டு மனம் உடைந்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கவனியுங்கள், அதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பழைய ஏட்டைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று மரியாதையாகத்தான் செய்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். பாமினி எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. அதை நிறுவியதும் திரையில் பாட்டு வந்துவிட்டது. பிறகு எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கினோம். பழைய தட்டச்சுப் பழக்கத்தில் 'ர'வுக்குக் கால் போட்ட இடங்களும் கொம்பு இடம் மாறிய இடங்களும் பிழையாக வந்தன. அவற்றைத் திருத்தியவர் என் தங்கை. அவருக்கு வயது 68. அம்மாவோடு வயலில் நின்று அந்தப் பாட்டுகளுக்குப் பின்பாட்டுப் பாடியவர். தாளில் இருந்ததைப் பாடிப் பார்த்து, சொல் இடறிய இடத்தில் நிறுத்தி, சரியான சொல்லைச் சொன்னார். இரண்டு பாட்டில் விட்டுப்போன அடிகளையும் சேர்த்தார். இப்போது எங்கள் ஊரில் நடவு இயந்திரம் நடுகிறது. இந்த வேலையைப் பத்து ஆண்டு கழித்துச் செய்திருந்தால் பிழை எது என்று சொல்லவே ஆள் இருந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் பெட்டியைப் பற்றி முடிவு செய்தோம். மதர்போர்டும் திரையும் நன்றாக இருந்தன. எஸ்எஸ்டியும் ராமும் போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றி, வீட்டில் வைத்துக்கொண்டோம். இந்தப் பதிவை அதில்தான் தட்டச்சு செய்கிறேன். தம்பி மகன் தன் படிப்புக்குப் புது மடிக்கணினி வாங்கினான். இரண்டும் சரியான முடிவுதான்.

ஆகவே, கேட்ட பிள்ளைகளுக்கு என் பதில், வகுப்பில் சொல்வது போல வரிசையாக:

1. எதையும் வாங்கும் முன், எதையும் அழிக்கும் முன், பெட்டியில் இருக்கும் அத்தனையையும் வெளி வன்தட்டில் ஒரு படி எடுங்கள். எழுத்துருக்கள் இருக்கும் கோப்புறையையும் சேர்த்து எடுங்கள்.

2. புரியாத எழுத்தில் கோப்பு இருந்தால் கெட்டது என்று நினைக்காதீர்கள். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை, விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

3. முக்கியமானதைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள். இரண்டு வீட்டில் இருக்கட்டும்.

4. அதன் பிறகு பெட்டியைப் பாருங்கள். எது பழுதோ அதை மாற்றுங்கள். மாற்ற முடியாத பழுது என்றால் புதிது வாங்குங்கள்.

5. பழையதைக் கொடுப்பதாக இருந்தால் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்பா எழுதிய நிலக் கணக்கோ, ஆத்தா சொன்ன கைமருந்தோ, தாத்தா எழுதிய வம்சாவளியோ இருக்கலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள். புரியாத எழுத்தில் ஏதாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது. தங்கையும் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் நலமாக இருங்கள்.